உரிமைக் கட்டத்தைக் காலியாக விடாதீர்கள்: தமிழ் மின்னூலகங்களுக்கு ஒரு திறந்த மடல்

தமிழ் நூல்களையும் இதழ்களையும் படங்களையும் ஒலிப்பதிவுகளையும் இணையத்தில் ஏற்றி வைக்கும் நூலகங்கள், ஆவணக் காப்பகங்கள், அறக்கட்டளைகள், பதிப்பகங்கள் அனைத்தின் பொறுப்பாளர்களுக்கும் வணக்கம்.

ஸ்கேன் செய்த பழைய நூல்களை வரிவரியாக மெய்ப்புப் பார்க்கும் தன்னார்வலர்களில் நானும் ஒருவன். தொட்டால் உதிரும் தாளைப் பிரித்து, தூசி தட்டி, பக்கம் பக்கமாகப் படமெடுத்து நீங்கள் ஏற்றி வைத்திருப்பதால்தான் எங்கள் வேலையே நடக்கிறது. அதற்கு முதலில் நன்றி. இந்த மடலில் நான் கேட்கப்போவது ஒன்றே ஒன்றுதான். ஒவ்வொரு நூலுக்கும் நீங்கள் தரும் விவரப் பட்டியலில் தலைப்பு, ஆசிரியர், பதிப்பகம், ஆண்டு, பக்கங்கள் என்று வரிசையாக வந்து, கடைசியில் ‘உரிமை’ என்று ஒரு கட்டம் இருக்கிறது. பல இடங்களில் அது காலியாகக் கிடக்கிறது. மற்ற இடங்களில் ‘இலவசம்’ என்று எழுதியிருக்கிறது. நூலை எடுத்துப் பயன்படுத்த வருகிறவருக்கு இந்த இரண்டாலும் ஒரு பயனும் இல்லை. அந்தக் கட்டத்தில் உண்மையான விவரத்தை எழுதுங்கள் என்பதுதான் என் வேண்டுகோள்.

‘இலவசம்’ என்று எழுதிவிட்டோமே, இன்னும் என்ன வேண்டும் என்று உங்களில் பலர் கேட்கிறீர்கள். நியாயமான கேள்விதான், கொஞ்சம் விரிவாகவே பதில் சொல்கிறேன்.

காசு வாங்காமல் தருவதைக் குறிக்கத் தமிழில் சொல்லுக்குப் பஞ்சமே இல்லை. இலவசம் எல்லோர் வாயிலும் புழங்கும் சொல். 2011-ல் தமிழ்நாட்டில் மடிக்கணினி, மிக்ஸி, கிரைண்டர் திட்டங்கள் வந்தபோது அரசு அந்தச் சொல்லைத் தள்ளிவைத்து ‘விலையில்லா’ என்று எழுதியது. 2021-ல் நகரப் பேருந்துகளில் பெண்களுக்குப் பயணச்சீட்டுக் கட்டணம் நீக்கப்பட்டபோது ‘கட்டணமில்லா’ என்ற சொல் பேருந்துகளில் ஏறியது. வாங்குகிறவரை மட்டம் தட்டுவதற்கென்றே பேச்சில் ‘ஓசி’ என்ற சொல்லும் இருக்கிறது. வாங்குகிறவரின் மரியாதை குறையக் கூடாது என்று அரசே சொல்லை மாற்றிப் பார்த்தது எனக்குச் சரியாகத்தான் படுகிறது. ஆனால் இந்தச் சொற்கள் அத்தனையும் ஒரே கேள்விக்குத்தான் பதில் சொல்கின்றன: காசு கொடுக்க வேண்டுமா, வேண்டாமா? மிதிவண்டிக்கும் பேருந்துக்கும் அந்தப் பதில் போதும். நூலுக்கும் படத்துக்கும் போதாது. கையில் வந்த கோப்பை நகலெடுத்து வகுப்பில் கொடுக்கலாமா? இன்னொரு தளத்தில் ஏற்றலாமா? எழுத்துப்பிழையைத் திருத்தி மறுபடி வெளியிடலாமா? குரல் பதிவாக்கலாமா? அச்சிட்டு விற்கலாமா? இதில் ஒன்றுக்குக்கூட ‘இலவசம்’ பதில் சொல்வதில்லை.

பதில் சொல்லும் சொல் ஒன்று நம்மிடம் இருக்கிறது. கட்டற்ற: எடுத்துப் பயன்படுத்தவும் மாற்றவும் பகிரவும் தடை இல்லாத என்று பொருள். கட்டற்ற மென்பொருள் என்றும் கட்டற்ற உள்ளடக்கம் என்றும் தமிழ்க் கணிமைக்காரர்கள் பல ஆண்டுகளாகவே எழுதிவருகிறார்கள். தமிழ் விக்கிப்பீடியா தன் பெயருக்குக் கீழேயே ‘கட்டற்ற கலைக்களஞ்சியம்’ என்று போட்டுக்கொண்டிருக்கிறது. ஆங்கிலத்தில் விலை இல்லாததற்கும் தளை இல்லாததற்கும் ‘ஃப்ரீ’ என்ற ஒரே சொல்தான். அதனால் அங்கே குழப்பம் ஆரம்பத்திலேயே வந்துவிட்டது. 1983-ல் குனு என்ற கட்டற்ற மென்பொருள் திட்டத்தை அறிவித்த ரிச்சர்ட் ஸ்டால்மன், நான் பேசுவது சுதந்திரத்தைப் பற்றி, விலையைப் பற்றியில்லை என்று அன்றிலிருந்து சொல்லிக்கொண்டே இருக்கிறார். உரை எழுதித் திருத்த அவர் எழுதிய ஈமேக்ஸ் நிரலை 1985-ல் காந்த நாடாவில் பதிந்து 150 டாலருக்கு அனுப்பினார். விலை வாங்கினார், ஆனால் வாங்கியவர் அதை மாற்றலாம், நகலெடுக்கலாம், அடுத்தவருக்குக் கொடுக்கலாம். பிடிஎஃப் கோப்புகளைப் படிக்க உதவும் அடோபி ரீடர் நேர் எதிர். காசு கொடுக்காமல் இறக்கிக்கொள்ளலாம், உள்ளே கைவைக்க முடியாது. முதலாவது விலை உள்ள கட்டற்ற பொருள், இரண்டாவது கட்டுள்ள இலவசம். தமிழில் இரண்டுக்கும் தனித்தனிச் சொல் இருக்கிறது. ஆங்கிலத்துக்காரர்கள் விளக்கம் எழுதி எழுதிச் சமாளிக்கும் இடத்தை நாம் ஒரே சொல்லில் கடந்துபோகலாம். அப்படியிருந்தும் அந்தச் சொல் உங்கள் பக்கங்களில் இல்லையே என்பதுதான் என் வருத்தம்.

எழுத்துருக்களிலும் இதே கதைதான். ‘இலவசத் தமிழ் எழுத்துரு’ என்று கிடைப்பவற்றில் பல, சொந்தப் பயன்பாட்டுக்கு மட்டும். அதை வைத்து ஒரு நூலை அச்சடித்தால் உரிமையாளர் கேள்வி கேட்கலாம். நோட்டோ தமிழ் எழுத்துருக்கள் திறந்த எழுத்துரு உரிமத்தில் வந்தவை. அவற்றை நூலில் போடலாம், மென்பொருளோடு சேர்த்துத் தரலாம், வடிவத்தைக்கூட மாற்றலாம், அந்த எழுத்துருவை மட்டும் தனியாக விற்கக் கூடாது. பயன்படுத்துகிறவருக்கு வேண்டியது இந்த அளவுக்குத் தெளிவான பதில்.

இனி நூலுக்கு வருவோம். ஒரு மின்னூலகத்தின் பெயரைச் சொல்லாமல் அங்கே பார்த்த ஒரு பக்கத்தை மட்டும் சொல்கிறேன். எழுதியவர் மறைந்து 60 ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்ட ஒரு சிறுவர் கதைத் தொகுப்பு. விவரப் பட்டியலில் உரிமைக் கட்டம் காலி. கீழே பெரிய பொத்தானில் ‘இலவசப் பதிவிறக்கம்’. இறக்கித் திறந்தால் ஒவ்வொரு பக்கத்திலும் மூலைக்கு மூலை நூலகத்தின் பெயர் சாம்பல் நிறத்தில், எழுத்துகளின் மேலேயே ஓடுகிறது. படத்திலிருந்து எழுத்தைப் பிரித்தெடுக்கும் மென்பொருளான எழுத்துணரியில் கொடுத்தால் அந்தச் சாம்பல் எழுத்தும் கதையின் எழுத்தும் ஒன்றோடொன்று பின்னிக்கொள்கின்றன. ‘ழகர’மும் ‘ளகர’மும் குழம்பி, வரிக்கு வரி கையால் தட்ட வேண்டியிருந்தது. கடைசிப் பக்கத்தில் புதிதாக ஒட்டிய ஒரு தாள்: ‘அனைத்து உரிமைகளும் பாதுகாக்கப்பட்டவை.’ யாருடைய உரிமை? ஆசிரியருடையதா? அது முடிந்துவிட்டது. பதிப்பகத்தினுடையதா? அது மூடியே எத்தனையோ காலம் ஆகிறது. நூலகத்தினுடையதா? அதற்கு எப்படி வந்தது? இதைக் கேட்டு எழுதினேன். “இலவசமாகத்தானே கொடுத்திருக்கிறோம், அப்புறம் என்ன?” என்று பதில் வந்தது. பதில் எழுதியவருக்குக் கெட்ட எண்ணம் எதுவும் கிடையாது. அவர் காசைப் பற்றிப் பேசினார், நான் உரிமையைப் பற்றிக் கேட்டேன். இருவர் கையிலும் இருந்தது ஒரே சொல்.

அந்த நூலை நாங்கள் மெய்ப்புப் பார்த்து முடிக்கவில்லை. குரல் பதிவு செய்ய ஆவலாக இருந்தவரும் பின்வாங்கிவிட்டார். சட்டப்படி தடை ஒன்றும் இல்லை, தெளிவுதான் இல்லை. தன்னார்வலர் யாரும் வழக்கறிஞரை வைத்துக்கொண்டு வேலை செய்வதில்லை. ஐயம் வந்தால் ஒதுங்கிவிடுவார்.

காலிக் கட்டம் இன்னொரு வகையில் ஆபத்து. எதுவும் எழுதவில்லை என்றால் உரிமை எதுவும் இல்லை, சும்மாதானே கிடக்கிறது, எடுத்துக்கொள்ளலாம் என்று பலர் நினைக்கிறார்கள். சட்டம் அதற்கு நேர் எதிராக நிற்கிறது. 1886-ல் உருவான பெர்ன் என்ற பன்னாட்டுப் பதிப்புரிமை உடன்படிக்கையின்படி பதிப்புரிமைக்குப் பதிவோ அறிவிப்போ தேவையில்லை. எழுதிய கணமே உரிமை பிறந்துவிடும். இந்தியாவின் 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டமும் அந்த வழியில்தான் போகிறது. ஆக, ஒருவர் எழுதியதை நீங்கள் எந்தக் குறிப்பும் இல்லாமல் ஏற்றினால், சட்டத்தின் கண்ணில் அது முழுக்கப் பூட்டிய பொருள். படிக்கலாம், அவ்வளவுதான். கொடுக்கும் மனத்தோடு கொடுத்துவிட்டு, பூட்டைத் திறக்காமல் போய்விடுகிறீர்கள். அதே நேரம் இன்று வாழும் ஒருவரின் படைப்பு உங்கள் பக்கத்தில் குறிப்பில்லாமல் இருந்தால், சும்மா கிடப்பதாக எண்ணி யாரோ எடுத்து அச்சிடுகிறார், எழுத்தாளர் நட்டப்படுகிறார். ஒரு காலிக் கட்டம் இரண்டு பக்கமும் கெடுக்கிறது.

எங்கள் பக்கத்து நடைமுறை ஒன்றைச் சொன்னால் நான் கேட்பது என்ன என்று உங்களுக்குப் பிடிபடும். பழைய நூல்களைத் தன்னார்வலர்கள் எழுத்தாக்கும் விக்கிமூலம் தளத்தில் ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒரு நிறம் உண்டு. சிவப்பு என்றால் இன்னும் மெய்ப்புப் பார்க்கவில்லை. மஞ்சள் என்றால் ஒருவர் பார்த்துவிட்டார், பச்சை என்றால் இன்னொருவரும் சரிபார்த்துவிட்டார். சாம்பல் என்றால் இந்தப் பக்கத்தில் உரையே இல்லை. பழைய நூலில் அட்டைக்கு அடுத்து வரும் வெற்றுத் தாளைக்கூட ஒருவர் திறந்து பார்த்து, இது வெற்று என்று குறித்துவிட்டுத்தான் அடுத்த பக்கத்துக்குப் போகிறார். அப்படிக் குறிக்காவிட்டால் பின்னால் வருகிறவருக்கு அது வெற்றுத் தாளா, ஸ்கேன் விழவில்லையா, யாரும் இன்னும் தொடவில்லையா என்று தெரியாது. (இதற்காகவே கேட்கிறேன்: ஸ்கேன் செய்யும்போது வெற்றுத் தாள்களை நீக்கிவிடாதீர்கள். பக்க எண் இடித்தால், கிழிந்துபோன பக்கம் எது, வெற்றுப் பக்கம் எது என்று கண்டுபிடிக்க முடிவதில்லை.)

உரிமைக் கட்டத்தின் காலியும் இப்படித்தான். பார்க்கவே இல்லை என்பது ஒரு காலி. தேடினோம், உரிமையாளர் யாரென்று தெரியவில்லை என்பது வேறொன்று. தேடினோம், உரிமை முடிந்துவிட்டது என்பது முற்றிலும் வேறு. மூன்றையும் ஒரே வெற்றுக் கட்டமாகக் காட்டுகிறீர்கள். ஐரோப்பிய, அமெரிக்க மின்னூலக அமைப்புகள் சேர்ந்து 2016-ல் இதற்கென்றே 12 உரிமைக் குறிப்புகளை வகுத்தன. ‘இன்னும் ஆராயவில்லை’ என்பதற்கும் ‘ஆராய்ந்தும் முடிவு தெரியவில்லை’ என்பதற்கும் அதில் தனித்தனிக் குறிப்பு உண்டு. தெரியவில்லை என்று எழுதுவதில் கூச்சப்பட ஒன்றும் இல்லை. ‘உரிமை நிலை ஆராயப்படவில்லை’ என்று நீங்கள் எழுதினால், எங்களில் ஒருவர் அந்த ஆசிரியரின் மறைவு ஆண்டைத் தேடிப் பிடித்து உங்களுக்கே அனுப்பிவைப்பார். காலியாக விட்டால் அது நடக்காது.

கணக்கு ஒன்றும் கடினமில்லை. இந்தியாவில் ஆசிரியர் மறைந்த ஆண்டு முடிந்து 60 ஆண்டுகள், இலங்கையில் 70 ஆண்டுகள். புதுமைப்பித்தன் 1948-ல் மறைந்தார். அவர் வாழ்நாளில் வெளியான எழுத்துகள் இந்தக் கணக்கின்படியே 2009 ஜனவரி 1 முதல் இந்தியாவில் எல்லோருக்கும் பொது. பிற்காலத்தில் ஒருவர் எழுதிச் சேர்த்த முன்னுரையும் குறிப்புகளும் மட்டும் அப்படிப் பொதுவாகிவிடாது. திருக்குறளுக்கு உரிமையாளர் யாரும் இல்லை. இன்று வாழும் ஒருவர் எழுதிய உரைக்கு உண்டு. ஒரே அட்டைக்குள் இருக்கும் இரண்டையும் பிரித்து எழுத வேண்டும்.

உரிமை முடிந்த நூலை ஸ்கேன் செய்ததாலேயே புது உரிமை பிறந்துவிடுமா என்றும் சிலர் கேட்கிறீர்கள். உழைப்பும் செலவும் மட்டும் பதிப்புரிமையைத் தராது, குறைந்த அளவாவது படைப்புத்திறன் இருக்க வேண்டும் என்று ஈஸ்டர்ன் புக் கம்பெனி வழக்கில் உச்ச நீதிமன்றம் 2007-லேயே சொல்லிவிட்டது. இருக்கும் பக்கத்தை இருக்கிறபடியே படமெடுப்பதில் அந்தப் படைப்புத்திறன் எங்கே என்பதே என் கேள்வி. உங்கள் உழைப்பு பெரிது, அதை யாரும் மறைக்கக் கூடாது. ‘இந்த ஸ்கேனைப் பயன்படுத்துகிறவர்கள் எங்கள் நூலகத்தின் பெயரைக் குறிப்பிடுமாறு கேட்டுக்கொள்கிறோம்’ என்று முதல் பக்கத்தில் எழுதினால் நாங்கள் மனமாரக் குறிப்பிடுவோம். அதற்காக எழுத்தின் மேல் முத்திரை குத்த வேண்டாம்.

நாட்டுடைமை என்ற சொல்லைப் பற்றியும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் அதில் சிக்காதவர்கள் குறைவு. 1969-ல் வங்கிகளை நாட்டுடைமையாக்கினார்கள் என்றால், அவை அரசின் சொத்தாயின என்று பொருள். நூல்கள் நாட்டுடைமையானால் நடப்பது வேறு. 1949-ல் சென்னை மாகாண அரசு பாரதியின் படைப்புகளுக்கான உரிமையைப் பெற்று, பின்னர் அதை எல்லோருக்கும் திறந்துவிட்டது. அந்த வழியில் இன்றுவரை எத்தனையோ எழுத்தாளர்களின் குடும்பத்துக்கு அரசு பரிவுத்தொகை கொடுக்கிறது, நூல்களை யார் வேண்டுமானாலும் அச்சிடலாம். ஆனால் சொல்லைக் கேட்கிறவருக்கு ‘அரசாங்கத்துச் சொத்து, தொட்டால் வம்பு’ என்றுதான் தோன்றுகிறது. சொல்லை மாற்றச் சொல்லவில்லை, அது ஊன்றிவிட்டது, அதற்கென்று ஒரு வரலாறும் இருக்கிறது. பக்கத்தில் ஒரு வரி சேருங்கள்: ‘நாட்டுடைமை நூல், யாரும் அனுமதி பெறாமல் நகலெடுக்கலாம், மாற்றலாம், அச்சிடலாம், விற்கலாம்.’

இதைவிடக் குழப்பம் தருவது ‘பொதுவெளி’. இணையத்தில் பார்க்கக் கிடைப்பதையும் அப்படிச் சொல்கிறார்கள், உரிமை முடிந்து பொதுவானதையும் அப்படிச் சொல்கிறார்கள். நேற்று ஒருவர் எடுத்து ஏற்றிய ஒளிப்படம் முதல் பொருளில் பொதுவெளியில் இருக்கிறது, இரண்டாம் பொருளில் இல்லவே இல்லை. உரிமை பற்றிய குறிப்பில் இந்தச் சொல்லைத் தவிர்த்து, ‘பொது உரிமைப் பரப்பு’ என்றோ ‘பதிப்புரிமை முடிந்தது’ என்றோ எழுதுங்கள். அதேபோல் காப்புரிமை என்ற சொல்லும் இரட்டைப் பொருளில் ஓடுகிறது. கண்டுபிடிப்புகளுக்கும் அதைத்தான் சொல்கிறார்கள். நூலுக்குப் பதிப்புரிமை என்றால் யாருக்கும் ஐயம் வராது.

எல்லாவற்றையும் கட்டற்றதாக்குங்கள் என்று நான் சொல்லவரவில்லை. யாரோ ஒருவர் நம் கோப்பை எடுத்து அச்சடித்து விற்றுக் காசு பார்ப்பார் என்ற அச்சம் உங்களில் பலருக்கு இருக்கிறது. அதற்கும் வழி இருக்கிறது. தன் படைப்பை மற்றவர் எந்த அளவுக்குப் பயன்படுத்தலாம் என்று படைப்பாளர் சொல்வதற்கான ஆயத்த அனுமதி வாசகங்களான கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமங்கள் 2002 முதல் புழக்கத்தில் உள்ளன. பெயரைக் குறிப்பிட்டால் போதும் என்று தொடங்கி, மாற்றினால் இதே உரிமத்தில் வெளியிட வேண்டும், வணிகத்துக்குக் கூடாது, மாற்றவே கூடாது என்று நிபந்தனைகளைச் சேர்த்து மொத்தம் ஆறு உரிமங்கள். வணிகத்துக்குக் கூடாது என்று எழுத உங்களுக்கு முழு உரிமை உண்டு. அப்படி எழுதினால் அதைக் கட்டற்றது என்று அழைக்காதீர்கள் என்பது மட்டும்தான் என் வேண்டுகோள். விக்கிப்பீடியாவும் அதன் படங்கள், கோப்புகளின் களஞ்சியமான விக்கிமீடியா பொதுவகமும் அந்த வகைப் படைப்புகளை ஏற்பதில்லை. ‘கட்டற்ற’ என்று நம்பி ஏற்றுகிறவரின் உழைப்பு பிறகு நீக்கப்படும். அதைப் பார்த்துப் பார்த்து மனம் விட்டுப்போனவர்களை எனக்குத் தெரியும்.

நல்ல முன்மாதிரி நம்மிடமே இருக்கிறது. மதுரைத் திட்டம் 1998 பொங்கல் முதல் தமிழ் நூல்களைத் தட்டச்சு செய்து தருகிறது. அதன் கோப்புகளின் தலைப்பிலேயே, இந்த முகப்புப் பக்கத்தை மாற்றாமல் வைத்தால் கோப்பைத் தாராளமாகப் பகிரலாம் என்று எழுதியிருக்கிறார்கள். கூடவே தட்டச்சு செய்தவர், மெய்ப்புப் பார்த்தவர் பெயர்கள். சட்ட மொழி கிடையாது, நீளமும் இல்லை. ஆனால் அந்த ஒரு குறிப்பை நம்பித்தான் அந்தக் கோப்புகள் இத்தனை தளங்களுக்கும் இத்தனை கைபேசிகளுக்கும் போயிருக்கின்றன.

உங்கள் கட்டத்தில் எழுத எளிதாக இருக்கட்டும் என்று சில வரிகளை இங்கேயே தருகிறேன். இவற்றை அப்படியே எடுத்துக்கொள்ளலாம், என் பெயர் வேண்டாம். ஆசிரியர் மறைந்து காலம் முடிந்திருந்தால்: ‘ஆசிரியர் இன்ன ஆண்டில் மறைந்தார். இந்தியாவில் பதிப்புரிமை முடிந்தது. எவ்விதத்திலும் பயன்படுத்தலாம்.’ உரிமையாளர் அனுமதி தந்திருந்தால்: ‘பதிப்புரிமை ஆசிரியருக்கு. கிரியேட்டிவ் காமன்ஸ் பெயர் குறிப்பிடுதல், அதேபோல் பகிர்தல் உரிமத்தில், அவருடைய எழுத்துவழி ஒப்புதலோடு வெளியிடப்படுகிறது.’ படிக்க மட்டும் தருகிறீர்கள் என்றால்: ‘கட்டணமின்றிப் படிக்கலாம். மறுவெளியீட்டுக்கு உரிமையாளரின் அனுமதி தேவை.’ இந்த மூன்றாவதை எழுதவும் தயங்காதீர்கள், நேர்மையாகச் சொன்னதற்காக யாரும் கோபிக்கமாட்டார்கள். எதுவுமே தெரியாவிட்டால்: ‘உரிமை நிலை இன்னும் ஆராயப்படவில்லை. விவரம் தெரிந்தவர்கள் எழுதுங்கள்.’

பழைய நூல்கள் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன, ஆள் இல்லை, நேரம் இல்லை என்பது எனக்குத் தெரியும். அவற்றுக்கு இப்போதைக்கு அந்தக் கடைசி வரியை ஒரே வீச்சில் போட்டுவிடலாம். இனி ஏற்றும் நூல்களுக்கு, ஏற்றும் நாளிலேயே கட்டத்தை நிரப்புங்கள். உரிமைக் கட்டம் காலியாக இருந்தால் பதிவேற்றப் படிவம் நகரக் கூடாது என்று உங்கள் தொழில்நுட்பக் குழுவிடம் சொன்னால், சின்ன வேலையில் முடிந்துவிடும். ஆசிரியர்களின் மறைவு ஆண்டுகளைத் தொகுக்க ஆள் வேண்டுமென்றால் எங்களைக் கூப்பிடுங்கள். மெய்ப்புப் பார்க்கிற கையோடு அதையும் செய்ய நாங்கள் தயார்.

அன்புடன்,
உங்கள் நூலகங்களின் வாசகன், மெய்ப்புத் திருத்துநன்